இரண்டும் மெய்யாகுமோ?

‘மும்பைவாழ் தமிழர் தாய்மொழியைக் காத்தனரா, இழந்தனரா?’ நம் பட்டிமன்றங்கள் பன்முறை எடுத்தாண்ட பொருள் இது. இரு அணியினரும் வழக்காடி ஓய்ந்தபின் நடுவர் எழுவார். ‘காத்ததும் உண்மை, இழந்ததும் உண்மை’ என்று தீர்ப்பளிப்பார். அவை கைதட்டும். மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் தாராவிக்கும் அனைவரும் மனநிறைவோடு திரும்புவர். அந்தக் கைதட்டலையே யான் கண்டிக்க விழைகின்றேன்.

‘கீழைநாட்டுச் சிந்தனைக்கு முரண்பாடு பகையன்று, அளவை நூல் மேலைநாட்டார் பூட்டிய விலங்கு’ என்று இத்தீர்ப்புக்கு அரண் செய்வாரும் உளர். தமிழ் நூல்களைத் திறந்து பாராதார் கூற்று இது. தொல்காப்பியத்தின் மரபியல், நூலுக்குரிய குற்றங்கள் பத்து என எண்ணி, ‘மாறுகொளக் கூறல்’ என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தது. குற்றம் என்னும் சொல்லை நோக்குக. மாந்தர் முரண்படப் பேச இயலாது என்று ஆசிரியர் கூறினாரல்லர், பேசலாகாது என்றார். கேட்போர்க்கு இன்னாதவாறு யாத்தலும் அதே பட்டியலில் நிற்கிறது. எனவே அளவை என்பது மனம் எவ்வாறு இயங்குகிறது என்னும் செய்தியன்று. சொல்வோன் கேட்போனுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். ‘ஒருவகையால் உண்டு, ஒருவகையால் இல்லை’ என்னும் சியாத்வாதம் அவர் சமயக் கொள்கை. ஆயினும் மாறுகொளக் கூறலை அவரும் குற்றமாகவே வைத்தார்; இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதலை நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக்கினார். தம் சமயத்துக்கே அவர் முரணினாரோ? இல்லை. சியாத்வாதி ‘எவ்வகையால்’ என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவன். குடம், மண் என்னும் வகையால் வனைவதற்கு முன்பும் உண்டு. குடம் என்னும் வடிவால் முன்பு இல்லை. வகை வேறானபின் முரண் ஏது?

இக்காலத்து மெய்யியலார் ஒருவரையும் எதிர்வாதத்துக்கு அழைப்பர். கிரகாம் பிரீஸ்ட் 1987இல் வெளியிட்ட நூலில், சில முரண்பாடுகள் மெய்யே என வாதிட்டார். ‘இவ்வாக்கியம் பொய்’ என்பதை எண்ணுக: மெய்யெனின் பொய்யாகும், பொய்யெனின் மெய்யாகும். அவ்வாதத்தின் வலிமையை யான் குறைத்துக் கூறேன். ஆனால் அவரும் எல்லா முரணையும் ஏற்றாரல்லர். தவிர்க்கவொண்ணாது நெருக்கும் சிலவற்றையே காரணம் காட்டி ஏற்றார். நம் நடுவரை நெருக்கிய புதிர் யாது? இரு அணியினரையும் மகிழ்விக்கும் ஆசை ஒன்றே.

வகையைச் சொல்லிப் பாருங்கள். பேச்சால் காத்தோம், எழுத்தால் இழந்து வருகின்றோம். வீட்டில் தடையின்றித் தமிழ் பேசும் பிள்ளை, இம்மலரைக் கையிலெடுத்தால் தலைப்பையும் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாமல் திகைக்கிறது. இவ்வாறு சொன்ன அளவிலேயே முரண் மறைகிறது; கடமை தோன்றுகிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் துணைநிற்பதா, ஆங்கிலவழியில் பயிலும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் அரிச்சுவடி கற்பிப்பதா, இரண்டுமா என்னும் வினா எழுகிறது. ‘இரண்டும் உண்மை’ என்று கலைந்த அவையில் இவ்வினா எழவேயில்லை. முரணை மெய்யென்று தழுவுவோர் முதலில் இழப்பது, இனிச் செய்ய வேண்டுவது இன்னது என்னும் தெளிவையே.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை, தன் சொல்லோடு தானே மாறுபடும் குற்றத்துக்கு, ஈன்ற தாயை மலடி என்பான் ஒருவனை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. அவன் கூற்றை மறுக்கும் சான்று அவனே. ‘எம் இல்லத்தில் தமிழ் குறைவின்றி வாழ்கிறது’ என்று மேடையில் முழங்கும் நமக்கோ, மறுக்கும் சான்று நம் பிள்ளைகளே.

அடுத்த பட்டிமன்றத்தில் நடுவர் ‘இரண்டும் உண்மை’ என்பாராயின் கைதட்டாதீர். எழுந்து நின்று, ‘எவ்வகையால், ஐயா?’ என்று கேளுங்கள்.