எதிராளியே வாத்தியார்



சாரல் பருவத்து இதழ் இது. அருவிகளும் அவற்றைத் தேடி வரும் கூட்டமும் உள்பக்கங்களில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தை மட்டும் மேலகரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

எழுதியவர் கல்லூரி மாணவர். டெக்கன் என்ற சண்டை வீடியோ கேம் ஆடுகிறார். கம்ப்யூட்டரைச் சுலபமாக ஜெயித்துவிடுகிறார். ஆன்லைனில் மனிதர்கள் எதிரே வந்தால், அதுவும் சில குறிப்பிட்ட கேரக்டர்கள் வந்தால், தொடர்ந்து தோற்கிறார். “எங்க ஊர்ல கூட ஆட ஆளே இல்ல சார், எப்படி முன்னேறுறது?” என்று கேட்கிறார். வீட்டில் இந்தச் சத்தம் கேட்டு அலுத்துப்போன பெற்றோரும் பதிலைப் படிக்கலாம். கேள்வி விளையாட்டைப் பற்றியது மட்டுமில்லை.

சண்டை விளையாட்டுகளில் யாருக்கு எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறிவிடும். இதைத்தான் மேட்ச்-அப் என்கிறார்கள். 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் எட்டுப் பேரில் ஒருவரை எடுத்து ஆடலாம். அந்த எட்டில் தால்சிம் ஒரு யோகி. நின்ற இடத்திலிருந்தே கையையும் காலையும் நீட்டி அடிப்பார், வாயால் நெருப்பு ஊதுவார். கதைப்படி அவர் ஊர் கேரளம். நமக்குச் செங்கோட்டை தாண்டினால் வந்துவிடும். ஸாங்கீஃப் ரஷ்ய மல்யுத்த வீரர். கைக்கெட்டும் தூரத்தில் சிக்கினால் தூக்கிச் சுழற்றித் தலைகீழாக இறக்கிவிடுவார்.

இவர்கள் இருவரும் மோதினால் சண்டை முழுக்கத் தூரத்துக்காகத்தான். தால்சிம் தள்ளி நிறுத்தப் பார்ப்பார், ஸாங்கீஃப் ஒட்டப் பார்ப்பார். புதிதாக ஸாங்கீஃபை எடுப்பவர் பொறுமை இழந்து குதிப்பார், காற்றிலேயே அடி வாங்குவார். பழகியவர் குதிக்க மாட்டார். தடுப்பார், ஓரடி நடப்பார், மறுபடி தடுப்பார். நீண்டு வந்த கை திரும்புவதற்குள் அந்தக் கையையே அடிப்பார். பத்து அடி வாங்கினாலும் இரண்டு பிடியில் ஈடுகட்டிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். அதே ஸாங்கீஃப் அந்த எட்டில் இன்னொருவரான ரியூவின் முன்னால் நின்றால் இந்தப் பாடம் பாதிதான் உதவும். இப்படி ஒவ்வொரு எதிராளிக்கும் பாடம் மாறும். டெக்கன் 8 வெளிவந்தபோதே அதில் 32 பேர் இருந்தார்கள். ஆகவே மொத்தத்தையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. உங்களை அதிகம் அடிக்கிற ஒருவரிடமிருந்து தொடங்குங்கள்.

பாதி வேலை தனியாகவே முடியும். திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். டெக்கனில் பெரும்பாலோருடைய வேகமான குத்து 10 ஃப்ரேமில் போய் விழும். எதிராளியின் உதையை நீங்கள் தடுத்தபின் அவர் சுதாரிக்க உங்களைவிட 10 ஃப்ரேமோ அதற்கு மேலோ கூடுதலாக ஆகும் என்றால், எட்டும் தூரத்தில் அந்தக் குத்தை அவரால் தடுக்கவே முடியாது. பிராக்டிஸ் மோடில் எதிராளியாக நிற்கும் பொம்மையை அதே உதையை உதைக்க வைத்துப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழகலாம்.

ஆனால் பொம்மை ஏமாற்றாது. மனிதர் ஏமாற்றுவார். திருப்பி அடிக்கிறீர்கள் என்று தெரிந்ததும் அந்த உதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், குறத்தி சிங்கியைத் தேடிக் கண்டுபிடித்த அவள் கணவன் சிங்கன் அவள் போட்டிருக்கும் நகை ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு கேட்பான். அவள் சளைக்காமல் பதில் சொல்வாள். அவன் விடாமல் கேட்பதால்தான் அவள் சாமர்த்தியம் வெளியே வருகிறது. பயிற்சிக்கு அப்படிக் கேட்கிற ஆள் வேண்டும்.

‘ஊரில் ஆள் இல்லை’ என்பதற்கு லாகூரில் பதில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பான் போட்டிக்கு, விசாவும் விமானமும் படுத்திய பாட்டில் களைத்து வந்து சேர்ந்தார் அர்ஸலான் ஆஷ். டெக்கன் உலகம் பெரிதாக அறிந்திராத அந்த லாகூர் இளைஞர் பட்டத்தை வென்றார். வென்ற கையோடு, அவைஸ் ஹனி போன்ற பலமான ஆட்டக்காரர்கள் எங்கள் நாட்டிலேயே இருக்கிறார்கள் என்றும் சொன்னார். கொரியாவின் டெக்கன் ஜாம்பவான் ‘நீ’ (Knee) இதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. பாகிஸ்தானுக்கே போய் அவர்களோடு ஆடினார், நிறையத் தோற்றார். அந்த ஆகஸ்ட்டில் லாஸ் வேகாஸ் ஈவோ இறுதியாட்டத்தில் அர்ஸலானுக்கு எதிரே நின்றவர் அவர்தான். அர்ஸலான் ஜெயித்தார். 2023 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப் பட்டத்தை வாங்கியவர் பாகிஸ்தானின் ஆதிஃப் பட். வெளிநாட்டுப் போட்டிகள் எட்டாத தூரத்தில், ஒருவரையொருவர் தோற்கடித்தே வளர்ந்த கூட்டம் அது.

அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பதக்கப் போட்டியாக இருந்தது. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள். தங்கம் வென்ற கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு வயது 44. அவரைத் தயார் செய்ய உதவியவர்கள் அவர் நாட்டின் மற்ற ஆட்டக்காரர்கள். சதுரங்கத்தில் நம் விஸ்வநாதன் ஆனந்தும் 2010இல் சோஃபியாவில் டோபலோவைச் சந்திக்கும் முன், துணைக்கு இருந்த நால்வர் போதாதென்று காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகியோரிடமும் உதவி பெற்றார். மூவருமே அவருடைய எதிராளிகள்.

அப்படியானால் யாரைத் தேடுவது? உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுபவர் போதும். மிக மேலே இருப்பவரிடம் அடி மட்டும்தான் மிஞ்சும். இடையில் நிறுத்தி, “இப்ப எதுக்கு அடி வாங்கினேன்?” என்று கேட்டால் எரிச்சல்படாமல் சொல்பவராக இருக்கட்டும். ஒன்றிரண்டு ஆட்டத்தோடு எழுந்துவிடாமல், யாராவது ஒருவர் பத்து ஜெயிக்கும் வரை ஆடுங்கள். நடுவில் கேரக்டரை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் பயம் என்ன என்று அப்போதுதான் தெரியும். ஒரே அறையில் ஆடினால் பிங் எனப்படும் இணையத் தாமதத் தொல்லை கிடையாது. வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள்: மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கடையில் டெக்கன் 3 ஆடிய சித்தப்பாவோ மாமாவோ இருக்கக்கூடும். எடி கோர்டோவை எடுத்துக் கிக் பட்டனையே அமுக்கி ஊரை ஜெயித்த தலைமுறை அது.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். துணையின் ஓட்டை தெரிந்தால் அதை வைத்து ஜெயித்துக்கொண்டே இருக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அவர் அதை அடைத்துவிடுவார், உங்களுக்கு ஆட்டம் கடினமாகும். நீங்கள் வேறு வழி தேடுவீர்கள். முன்னேற்றம் என்று நீங்கள் கேட்டது அதுதான்.

தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் இந்த ஆட்டம் ஆடுபவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். பெயரையும் முகவரியையும் அச்சிட மாட்டோம். இரு தரப்புக்கும், சிறுவர்களானால் பெற்றோருக்கும், சம்மதமென்றால் சேர்த்துவைக்கிறோம். எந்தக் கேரக்டரிடம் அதிகம் அடி வாங்குகிறீர்கள் என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். அந்தக் கேரக்டரை ஆடுபவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

அன்புடன்,
ஆசிரியர்