ஓர் ஊர், ஓர் இரவு: கடைசிக் கூட்டம் இறங்கிய பிறகு சிவிட்டா

அக்டோபர் மாதத்து மாலை ஆறு மணி. நீண்டு கிடக்கும் அந்த நடைபாலத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். குழந்தையைத் தோளில் உட்கார வைத்த அப்பாக்கள், கடைசியாக இன்னொரு செல்ஃபிக்கு நிற்கும் ஜோடிகள், 'பஸ் கிளம்பிவிடும்' என்று அவசரப்படுத்தும் வழிகாட்டிகள் என எல்லோரும் மலையிலிருந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு எதிரே, முதுகுப் பையோடு இரண்டு மூன்று பேர் மட்டும் மூச்சு வாங்க மேலே ஏறுகிறார்கள். இரவு தங்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

பாலத்தின் மறுமுனையில் இருக்கிறது சிவிட்டா டி பான்யோரேஜியோ. இத்தாலியில், ரோம் நகரத்துக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், பள்ளத்தாக்குக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு பாறை. அதன் தலையில் கிரீடம் வைத்ததுபோல ஒரு சிற்றூர். கார் போக வழியில்லை. நடந்துதான் ஆக வேண்டும். பாலம் முதலில் சாதுவாகத்தான் இருக்கும். ஊரை நெருங்க நெருங்க செங்குத்தாகி முழங்காலைப் பதம் பார்க்கும்.

பகலில் இந்த ஊருக்கு வருபவர்கள் ஏராளம். ஆனால் வருடம் முழுக்க இங்கேயே குடியிருப்பவர்களை இரண்டு கை, இரண்டு கால் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அந்த வித்தியாசம் பகலில் தெரியாது. அதைப் பார்க்க ஓர் இரவு தங்க வேண்டும்.

கரையும் மண்ணின் மேல் ஓர் ஊர்

சிவிட்டாவுக்கு வயது 2,500 வருடங்களுக்கு மேல். ரோமானியர்களுக்கும் முன்னால் இந்தப் பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கன் மக்கள் உருவாக்கிய ஊர் இது. சுற்றிலும் பள்ளம், நடுவில் உயரம். எதிரி வந்தால் தூரத்திலேயே தெரியும். அந்தக் காலத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

அவர்கள் தேர்ந்தெடுத்த பாறையில்தான் சிக்கலும் இருந்தது. மேலே இருப்பது எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டான 'டஃப்' எனும் பாறை. வெட்டுவதற்கும் குடைவதற்கும் வசதியானது. அதற்குக் கீழே இருப்பதோ, ஒரு காலத்தில் கடலடியில் படிந்த களிமண். மழை களிமண்ணைக் கரைக்கும். பள்ளத்தாக்கில் ஓடும் ஓடைகள் அடிவாரத்தை அரிக்கும். அடியில் பிடிமானம் போனதும் மேலே இருக்கும் பாறை விளிம்பு விரிசல் விட்டு, ஒருநாள் பொத்தென்று சரியும். இப்படியே பல நூற்றாண்டுகளாக ஊர் ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வருகிறது.

பாலம் முடிந்ததும் வருவது சாந்தா மரியா வாசல். பாறையைக் குடைந்து எட்ருஸ்கன் காலத்தில் அமைத்த வழி. பிற்காலத்தில் அதன்மேல் வளைவு கட்டினார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு மாளிகையின் முகப்பு கண்ணில் படும். கதவு உண்டு, ஜன்னல்கள் உண்டு. ஆனால் ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே அறை இல்லை, வானம் தெரிகிறது! மாளிகையின் பின்பகுதி எப்போதோ பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது. முன்சுவர் மட்டும் கௌரவமாக நின்றுகொண்டிருக்கிறது.

13-ம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்தவர் புனித பொனவெந்தூரா. பிரான்சிஸ்கன் துறவற சபையின் தலைவராக உயர்ந்த பெரிய ஞானி. அவர் பிறந்த வீடு எங்கே என்று தேடிப் போனால், அந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. வீடு? அதுவும் பள்ளத்தாக்கோடு போய்விட்டது.

1695-ம் வருடம் ஜூன் மாதம் வந்த நிலநடுக்கம் ஊரின் தலையெழுத்தை மாற்றியது. ஆயரும் ஊர் நிர்வாகமும் பக்கத்து மேட்டில் இருக்கும் பான்யோரேஜியோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். வசதி இருந்தவர்கள் பின்னாலேயே போனார்கள். இரண்டாம் உலகப் போரில் பாலமும் தகர்ந்தது. இப்போதிருக்கும் கான்கிரீட் நடைபாலம் 1965-ல் கட்டப்பட்டது. அந்த மண்ணின் எழுத்தாளரான பொனவெந்தூரா தெக்கி 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று இதற்கு ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒன்றரை யூரோ செய்த வேலை

2010 வாக்கில் வருடத்துக்குச் சுமார் 40,000 பேர்தான் சிவிட்டாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 2013-ல் பான்யோரேஜியோ நகர நிர்வாகம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஊருக்குள் நுழைய ஒன்றரை யூரோ டிக்கெட்!

'காசு கேட்டால் யார் வருவார்கள்?' என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு. 'டிக்கெட் போட்டுப் பார்க்கும் ஊரா? அப்படி என்ன இருக்கிறது?' என்று செய்தி பரவ, கூட்டம் குவிந்தது. சில வருடங்களிலேயே வருகிறவர்களின் எண்ணிக்கை பல லட்சங்களைத் தொட்டது. டிக்கெட் விலையும் 5 யூரோ வரை ஏறியது. அந்த வருமானத்தால் பான்யோரேஜியோ மக்கள் கட்ட வேண்டிய உள்ளூர் வரிகளையே நீக்க முடிந்தது. உணவகங்கள், தங்கும் விடுதிகள், கடைகள் என்று அக்கம்பக்கத்து இளைஞர்களுக்கு வேலையும் கிடைத்தது. 2021-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு இந்த நிலப்பரப்பை இத்தாலி முன்மொழிந்தது.

சாகப் போகிற ஊர் என்ற பெயரே ஊருக்குச் சோறு போடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு வந்த அளவுக்கு ஆட்கள் திரும்பி வரவில்லை. பழைய வீடுகள் பலவும் ரோம் நகரத்துக்காரர்களின் விடுமுறை வீடுகளாகவும், வாடகை அறைகளாகவும், உணவகங்களாகவும் மாறிவிட்டன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், மருந்து வாங்கவும், மாத மளிகைக்கும் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குடும்பம் நடத்த இது தோதான இடமா? வாசலில் இரண்டாயிரம் பேர் செல்ஃபி எடுக்கும் வீட்டில் யார் துணி காயப்போடுவார்கள்?

விளக்கு எரியும் ஜன்னல்கள்

இரவு எட்டு மணி. ஊரின் நடுவில் இருக்கிறது சான் டொனாட்டோ சதுக்கம். தளக்கல் பதிக்காத வெறும் மண்தரை. பகலில் நிற்க இடம் கிடைக்காத அதே சதுக்கத்தில், இப்போது ஒரு பூனை மட்டும் நிதானமாகக் குறுக்கே நடக்கிறது. சிவிட்டாவில் மனிதர்களைவிடப் பூனைகள் அதிகம் என்று சொல்வார்கள். இரவில் பார்த்தால் அது மிகையாகத் தெரியாது.

திறந்திருக்கும் ஓர் உணவகத்திலிருந்து விறகுப் புகை மணம் வருகிறது. ரொட்டித் துண்டுகளை நெருப்பில் வாட்டி, சூட்டோடு பூண்டைத் தேய்த்து, மேலே ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தருகிறார்கள். 'புருஸ்கெட்டா' என்பது இதுதான். பாறையைக் குடைந்த குகைகளில் பழைய ஆலிவ் செக்குகள் இன்றும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்தச் செக்கைக் கழுதைகள் சுற்றின. பள்ளத்தாக்கிலிருந்து மூட்டைகளைச் சுமந்து வந்ததும் அவைதான். இன்று அந்த வேலையைச் சின்ன மோட்டார் வண்டிகள் பார்க்கின்றன. கழுதைகளுக்கு மரியாதையாக ஜூனிலும் செப்டம்பரிலும் இதே சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்கிறது. பெயர் 'தொன்னா'. கழுதை நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். கூட்டம் சிரித்து உருளும்.

சாப்பிட்டு முடித்து ஒரு சுற்று நடக்கலாம். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். கல் வீடுகள், வெளிப்புறமாக ஏறும் படிக்கட்டுகள், ஜன்னலோரம் பூந்தொட்டிகள். எல்லாம் பகலில் பார்த்தவைதான். பகலில் கவனிக்காத ஒன்று இப்போது தெரியும். பெரும்பாலான ஜன்னல்களில் வெளிச்சம் இல்லை. தெருவிளக்கு எரிகிறது, வீட்டு விளக்கு எரியவில்லை. டி.வி சத்தம் இல்லை, குழந்தை அழும் சத்தம் இல்லை, 'சாப்பிட வா' என்று கூப்பிடும் குரல் இல்லை. அத்தனை அழகாகப் பராமரிக்கப்பட்ட வீடுகளுக்கு நடுவே இந்த அமைதி முதலில் இதமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் என்னவோ செய்யும்.

திடீரென்று ஒரு மாடி ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரியும். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான், தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு வீட்டில் ஆள் இருப்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றும்.

நள்ளிரவுக்குள் திரும்ப வேண்டும்

சதுக்கத்து சான் டொனாட்டோ ஆலயத்தில் மரத்தால் செய்த சிலுவைநாதர் உருவம் ஒன்று இருக்கிறது. 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கொள்ளைநோய் ஊரைச் சூறையாடிய காலத்தில் இந்த உருவம் பக்தை ஒருவரிடம் பேசியது என்பது ஊர் நம்பிக்கை. ஒவ்வொரு வருடமும் புனித வெள்ளியன்று இந்த உருவத்தைச் சுமந்து, பாலம் தாண்டி பான்யோரேஜியோவுக்கு ஊர்வலமாகக் கொண்டு போகிறார்கள். அதில் ஒரு நிபந்தனை உண்டு. நள்ளிரவுக்குள் சிவிட்டாவுக்குத் திரும்பிவிட வேண்டும். தவறினால், பிறகு அது பான்யோரேஜியோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது மரபு.

ஆயர் போனார், நிர்வாகம் போனது, குடும்பங்கள் போயின. எஞ்சியது இது ஒன்றுதான், இதையும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற வைராக்கியம் அந்த நிபந்தனையில் தெரிகிறது. ஆலயம் நிலைக்க சுவர் மட்டும் போதாது, ராத்திரிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பாறையைக் காப்பாற்றவும் முயற்சிகள் நடக்கின்றன. இரும்புக் கம்பிகளைச் செலுத்திப் பாறையை இறுக்குகிறார்கள். சரிவுகளைக் கண்காணிக்கிறார்கள். மண்சரிவுகளைப் பற்றி விளக்கவே 2012-ல் ஊருக்குள் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். மண் உதிர்வதைப் பொறியாளர்கள் தாமதப்படுத்தலாம். குடும்பங்கள் உதிர்வதை எந்தக் கம்பியால் நிறுத்துவது? ஆலயத்துக்கு வைத்த நள்ளிரவு நிபந்தனையை வீடுகளுக்கு வைக்க முடியவில்லையே.

மூடுபனியில் ஒரு தீவு

காலையில் சீக்கிரம் எழுந்துவிட வேண்டும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பல நாட்கள் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிரம்பியிருக்கும். பாலம் மறைந்துவிடும். வெள்ளைக் கடலில் ஊர் மட்டும் மிதப்பதுபோல இருக்கும். விளிம்பில் நின்றால் அந்தப் பக்கம் உலகமே இல்லாதது போன்ற உணர்வு. வெயில் ஏற ஏற, வரிவரியாக அரிக்கப்பட்ட சாம்பல் நிறக் களிமண் முகடுகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டும்.

அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வாசல் பெருக்குவார். இன்னொருவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். சரக்கு ஏற்றிய சின்ன வண்டி ஒன்று பாலத்தில் உறுமிக்கொண்டு ஏறி வரும். எதிர்ப்பட்டால் 'போன்ஜோர்னோ' என்று காலை வணக்கம் சொல்வார்கள். பகல் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒருவராகப் போகிறவருக்கு அந்த வணக்கம் கிடைக்காது. ராத்திரி தங்கியவருக்குக் கிடைக்கும்.

ஒன்பது, பத்து மணிக்கு மேல் பாலத்தின் மறுமுனையில் முதல் கூட்டம் தெரிய ஆரம்பிக்கும். இரவு தங்கியவர்கள் பையை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டிய நேரம். இப்போதும் எதிர்த்திசையில்தான். வழியில் ஒருமுறை திரும்பிப் பார்க்கும்போது, நேற்று வெளிச்சம் தெரிந்த அந்த ஜன்னல் எது என்று கண் தானாகத் தேடும்.

தங்கப் போகிறவர்களுக்கு...

* ரோமிலிருந்து ரயிலில் ஓர்வியெத்தோ. அங்கிருந்து பேருந்தில் பான்யோரேஜியோ. ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

* பான்யோரேஜியோ பேருந்து நிறுத்தத்திலிருந்து பாலம் வரை சுமார் அரை மணி நேர நடை.

* டிராலி பெட்டி வேண்டாம். பாலத்திலும் கல் தெருவிலும் இழுப்பது பெரும்பாடு. ஓர் இரவுக்கான துணியை முதுகுப் பையில் எடுத்துக்கொண்டால் போதும்.

* அறைகள் குறைவு. முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் வார இறுதியைத் தவிர்த்து, வார நாளில் தங்குவது நல்லது.

* மூட்டுவலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் பாலத்தின் கடைசி ஏற்றத்தை மனதில் வைத்துத் திட்டமிடவும். பால், மருந்து போன்றவற்றைப் பான்யோரேஜியோவிலேயே வாங்கிக்கொள்ளவும்.

* இரவில் குரலைத் தாழ்த்திப் பேசவும். அந்த அமைதியில் தூங்கும் சிலருக்கு அதுதான் நிரந்தர வீடு.