கழுத்துவரை ஒரு ரேந்தை

தண்டவாளமே இல்லாத அந்தமானில் ரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று தாயகத்து உறவினர் கேலி செய்வதுண்டு. பயணச்சீட்டு முன்பதிவு செய்து கொடுக்கும் வேலைதான். கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் கூட்டம் நெரியும். என் குடும்பம் மட்டும் இவ்வாண்டு செல்லவில்லை, கையில் பணமில்லை. ஆகவே, நாகர்கோவிலிலுள்ள பாட்டி படத்திலேனும் கண்டு மகிழட்டுமென்று, மூன்று வயது மகளின் கவுனுக்கு என் மனைவி ரேந்தை பின்னத் தொடங்கினாள்.

அவள் ஊரில் இக்கலை பழையது. 1819இல் அங்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியர்க்கு இதைக் கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையையே விலைக்கு வாங்கினராம்! அது திண்டில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. என் மனைவி அறிந்ததோ ஒற்றைக் கொக்கி ஊசிதான்.

இங்கு மே மாதத்தில் காலை ஐந்துக்கே வெயில். மாலை ஐந்தரைக்குப் பொழுது சாய்ந்துவிடும். எனவே விடியலில்தான் பின்னல். வியர்த்த விரலில் நூல் ஒட்டும். உப்புக்காற்றில் ஊசி துருவேறும். குழந்தையோ நூற்கண்டை முற்றத்தில் உருட்டி, "நண்டு ஓடுது" என்பாள். ஒருநாள் அவள் இழுத்த இழுப்பில் நான்கு விரற்கடைப் பின்னல் பிரிந்துபோயிற்று. நான் சினந்தேன். "போகட்டும், அவளே சுற்றித் தரட்டும்" என்றாள் மனைவி. அரைமணி நேரம் வாய் திறவாமல் சுற்றினாள் குழந்தை. எங்கள் வீட்டில் அது பெரிய அதிசயம்.

மழை பிடித்துக்கொண்டபோது கழுத்துக்கு மட்டுமே ரேந்தை முடிந்திருந்தது. படம் பார்த்த மாமியார், "கை இரண்டையும் நான் பின்னிக்கொள்கிறேன், மாப்பிள்ளை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அடுத்த கோடைக்கு மூன்று இடம் நானே பதிவுசெய்ய வேண்டும்.