நாமே கட்டுவோம் அரை அலைக் கம்பி!

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பர் நம் பெரியோர். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் சொல்லிவிடுவோம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் பெறுவோம். ஆனால் அந்த அலைநீளத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்தோம். அதில் சரிபாதியைச் செப்புக் கம்பியாக வெட்டி, பள்ளியின் மொட்டை மாடிக்கும் விளையாட்டுத் திடலின் வேப்பமரத்துக்கும் இடையே கட்டினோம். அமெச்சூர் வானொலிக்கான அரை அலை ஏரியல் என்பது அதன் பெயர். அதைக் கட்டியதில் நாங்கள் கற்றது ஒன்று. அது அறுந்து விழுந்ததில் கற்றது மற்றொன்று. பெண்கள் பள்ளி ஒவ்வொன்றிலும் இத்தகைய கம்பி ஒன்று இருக்க வேண்டும்; அதை மாணவியரே தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையால் கட்ட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

அமெச்சூர் வானொலி என்பது வணிக நோக்கமின்றி, கற்பதற்காகவும் பிறருக்கு உதவுவதற்காகவும் தனி மனிதர் நடத்தும் வானொலித் தொடர்பு. நடுவண் அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே அதில் பேசலாம். எங்களைப் போன்ற பதினைந்து வயதினரும் அத்தேர்வை எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. உரிமம் கிடைக்கும் வரை கேட்பதோடு நிற்க வேண்டும்; நாங்களும் அப்படியே நிற்கிறோம்.

பேசினாலும் கேட்டாலும் ஏரியல் இன்றி ஆகாது. ஏரியல்களில் எளியது அரை அலைக் கம்பி. ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற அறிஞர் 1887, 1888 ஆம் ஆண்டுகளில் மின்காந்த அலைகளை மெய்ப்பித்துக் காட்டியபோது, நடுவில் சிறு இடைவெளியும் இரு புறமும் நீண்ட கைகளும் கொண்ட கம்பியைத்தான் பயன்படுத்தினார். இன்றும் அடிப்படை அமைப்பு அதுவே.

கம்பி ஏன் பாதி அலைநீளம் இருக்க வேண்டும்? நாம் விளையாடும் ஸ்கிப்பிங் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரு தோழியர் இரு முனைகளைப் பிடித்துச் சுழற்றினால், முனைகள் அசைவதில்லை. நடுப்பகுதி மட்டும் உயர்ந்து தாழ்கிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டமும் அவ்வாறே. முனைகளில் மின்னோட்டம் இல்லை, நடுவில் மிகுதி. ஆகவே கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைக்கிறோம். அந்த இடத்தில் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 70 ஓம். 50 அல்லது 75 ஓம் கேபிளோடு அது எளிதில் ஒத்துப்போகிறது.

நீளத்துக்குக் கணக்கு உண்டு. 143 ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். புத்தகக் கணக்குப்படி 150 ஐ அல்லவா வகுக்க வேண்டும் என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி! வெட்டவெளியில் செல்லும் அலைக்கு 150 சரி. கம்பிக்குத் தடிமனும் முனையும் உண்டு. முனைகளின் விளைவால் உண்மைக் கம்பி ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவாக இருக்க வேண்டும். புத்தகத்துக்கும் மொட்டை மாடிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஏழு எண்ணில் அடங்கியிருக்கிறது.

நாங்கள் 7.1 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தோம். கணக்குப்படி மொத்தம் 20.14 மீட்டர், ஒரு கைக்கு 10.07 மீட்டர். வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. உறையிட்ட செப்புக் கம்பியை வாங்கி, கணக்கில் வந்த அளவிலேயே அழகாக வெட்டிவிட்டோம். பிறகுதான், முனையில் பீங்கான் இன்சுலேட்டரில் சுற்றி முறுக்கவும் கம்பி வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது! நீண்ட கம்பியைக் குறைக்கலாம். குறைந்த கம்பியை நீட்ட முடியாது. துணி வெட்டும் தையற்காரர் அறிந்த இந்த உண்மையை நாங்கள் ஒரு கம்பிச் சுருளை வீணாக்கிக் கற்றோம்.

இரண்டாம் முறை, சுற்றியது போக ஒரு கைக்கு 10 மீட்டர் 25 செ.மீ. விட்டோம். உரிமம் பெற்ற வானொலி அன்பர் ஒருவர் சிறு அளவைக் கருவியுடன் வந்து உதவினார். முதலில் கம்பி 6.85 மெகாஹெர்ட்ஸில் ஒத்து அதிர்ந்தது. அப்படியானால் கம்பி நீளம். இரு கைகளிலும் சிறிது சிறிதாக வெட்டி, ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றி அளந்தோம். நான்காம் முறை, ஒரு கை 9 மீட்டர் 90 செ.மீ. ஆனபோது கருவி 7.1 ஐ ஒட்டிக் காட்டியது. கணக்கு சொன்ன 10.07 எங்கே, எங்கள் 9.90 எங்கே? கம்பியின் உறையும் தரையின் அண்மையும் செய்த வேலை அது என்று அந்த அன்பர் விளக்கினார். அன்று மாலை கற்ற இயற்பியல் எங்களுக்கு ஒருநாளும் மறக்காது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, இரைச்சலுக்கு நடுவே, எங்கோ ஒருவர் தம் ஊரில் பெய்த மழையைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டோம். நாங்கள் கைதட்டிய ஓசையில் அவர் ஊரின் பெயர் காதில் விழாமலே போயிற்று!

இனி, கம்பி விழுந்த கதை. மாடி முனையில் கப்பி ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகள் மாடி ஏற வேண்டாம் என்று பெரியோர் கருதியதால், எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏறி மாட்டித் தந்தார். கயிறு கப்பி வழியாகக் கீழே வந்தது. நாங்கள் தரையில் நின்று இழுத்தோம். கார்த்திகை மாதத்து மழையில் ஒருநாள் கயிறு அறுந்து கம்பி மண்ணில் விழுந்தது. கைப்பிடிச் சுவரின் கூரிய விளிம்பில் கயிறு நாள்தோறும் உரசி நைந்திருந்தது. கீழே நின்ற எங்களுக்கு அது தெரியவில்லை. மேலே போகாத கண் உரசலைக் காணாது அன்றோ! எங்களுள் ஒருத்தி ஒரே ஒரு முறை ஏறிப் பார்த்திருந்தால், பழைய குழாய்த் துண்டு ஒன்றை அந்த விளிம்பில் வைத்துக் கயிற்றைக் காத்திருப்பாள்.

கயிற்றை மீண்டும் கப்பியில் கோக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் நாங்கள் பத்தொன்பது நாள் காத்திருந்தோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் மீது குறையில்லை. மழைக்காலத்தில் ஊரெங்கும் அவரை அழைக்கிறார்கள். ஆனால் நினைத்துப் பாருங்கள்: வானொலி எப்போது தேவைப்படும்? மழையிலும் புயலிலும்தானே? அந்த நாட்களில்தான் எங்கள் கம்பி மண்ணில் கிடந்தது. பிறர் கட்டித் தந்த கம்பி, பிறர் வரும்வரை விழுந்தே கிடக்கும்.

"கையில் செல்போன் இருக்கும்போது இந்தக் கம்பி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. செல்போன் நல்லதுதான். ஆனால் அதற்குக் கோபுரம் வேண்டும்; கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையோரம் வீசியபோது, டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன; செல்போன் தொடர்பும் தடுமாறியது. அமெச்சூர் வானொலிக்குக் கார் பேட்டரி ஒன்றும் இருபது மீட்டர் கம்பியும் போதும்.

மேலும் ஒரு செய்தி. எங்கள் கம்பி அதிக உயரத்தில் இல்லை. தாழ்வாகக் கட்டிய அரை அலைக் கம்பி, அலையின் பெரும்பகுதியை மேல்நோக்கி அனுப்புகிறது. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல் இறங்குகிறது. கடல் கடந்து பேச விரும்புவோருக்கு அது குறையாகலாம். வெள்ளத்தில் தவிக்கும் ஊர் பக்கத்து மாவட்டத்தை அழைக்க அதுவே நிறை. ஆகவே உயர்ந்த கோபுரம் இல்லையே என்று எந்தப் பள்ளியும் தயங்க வேண்டியதில்லை.

இது ஆண்களின் வேலை என்போருக்கு ஒரு வரலாறு சொல்வோம். 2004 டிசம்பரில் திருமதி பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலி அன்பர், அரசின் அனுமதியுடன் குழுவொன்றோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். உலகெங்கும் உள்ள அன்பர்களோடு பேசுவதே அவர் சென்ற நோக்கம். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தபோது, அவர் அங்கேயே தங்கி, தீவுகளில் இருந்தோரைப் பற்றிய செய்திகளைத் தாய்நிலத்துக்கு அனுப்பினார். அதே நாளில்தான் நாகப்பட்டினம் கடற்கரையும், அன்னையின் திருத்தலமான வேளாங்கண்ணியும் எண்ணற்ற உயிர்களை இழந்தன. அன்று நாங்கள் பிறந்திருக்கவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அவர்களுக்காகச் செபிக்கிறோம். செபத்தோடு நம் கைகளும் ஆயத்தமாக இருக்க வேண்டாமா?

அமெச்சூர் வானொலி அன்பர்கள் தங்கள் பாதுகாவலராகப் போற்றுபவர் புனித மாக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டின் பிரான்சிஸ்கன் துறவியான அவர், 1938 ஆம் ஆண்டில் தம் மடத்திலேயே வானொலி நிலையம் அமைத்தார். 1941 இல் ஆஷ்விட்ஸ் முகாமில், மனைவி மக்களையுடைய ஒரு கைதிக்குப் பதிலாகத் தம் உயிரை ஈந்தார். 1982 இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். மடத்துச் சுவருக்குள் வானொலிக் கம்பிக்கு இடமில்லை என்று அப்புனிதர் நினைக்கவில்லை.

பெற்றோர்களே! உங்கள் அச்சம் பொருளற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. மாடியிலிருந்து விழலாம், கம்பி மின்சார லைனில் படலாம், இடி மின்னல் வரலாம். இவை உண்மையான ஆபத்துகள். ஆனால் இவை ஆண், பெண் பார்த்து வருவன அல்ல. இவற்றுக்கு மருந்து விதிகள். விலக்கி வைப்பது அன்று. ஆகவே நாங்களே விதிகள் எழுதியிருக்கிறோம். ஆசிரியை ஒருவர் உடன் இல்லாமல் மாடி ஏறோம். மழையிலும், வானம் கறுத்த வேளையிலும் ஏறோம். அறுந்து விழுந்தாலும் மின்சார லைனைத் தொட முடியாத இடத்தில் மட்டுமே கம்பி கட்டுவோம். இடி கேட்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே விடுவோம். அலைபரப்பும்போது முனைகளில் மின்னழுத்தம் மிகும் என்பதால், அவை யார் கைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கும். பொதுத் தேர்வும் எங்களுக்கு நினைவிருக்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரமே கேட்கிறோம்.

மதர் அவர்களே! அருட்சகோதரியரே! எங்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கம்பி இருக்கிறது, புதுக் கயிறும் குழாய்த் துண்டும் வாங்கிவிட்டோம். மொட்டை மாடிச் சாவியை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் தந்து, எங்களை அவரோடு ஏற அனுமதியுங்கள். நாங்கள் இவ்வாண்டோடு பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். எங்களுக்குப் பின் வரும் தங்கையருக்காவது அந்தப் படிகள் திறந்திருக்கட்டும்.

அடுத்த கார்த்திகையிலும் மழை வரும், காற்றும் வரும். கம்பி மீண்டும் விழலாம். விழட்டும்! அன்று மாலையே அதை ஏற்றிக் கட்டத் தெரிந்த பெண்கள் இப்பள்ளியில் இருப்பார்கள்.