பழைய வண்டியும் பாட்டாளி உயிரும்

தோட்டத்தில் ஒரு வண்டி கவிழ்ந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, "ஓட்டியவன் யார்?" என்பதுதான். அந்த வண்டியின் பிரேக் எந்த நிலையில் இருந்தது, டயர் எத்தனை வருஷத்து டயர், போன மாதம் டிரைவர் என்ன முறையிட்டார், அந்த முறையீட்டுக்கு யார் என்ன பதில் சொன்னார் என்ற கேள்விகளெல்லாம் பிறகுதான் வருகின்றன. பல சமயங்களில் வராமலே போய்விடுகின்றன. பழி ஓட்டியவன் தலையில். வண்டிக்குச் சொந்தக்காரர் துக்க வீட்டுக்கு வந்து அனுதாபம் சொல்லிவிட்டுப் போகிறார். இந்த வரிசை தலைகீழானது. இதை மாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.

பெரிய லோரிகளின் வேலையில் பெரும்பகுதியை இன்று பிக்கப் வண்டிகள் செய்கின்றன. விடியுமுன் பெரட்டுக் களத்திலிருந்து ஆட்களை வெளிக்காட்டுக்கு ஏற்றிச் செல்வது அது. பால் தோம்புகளை ஸ்டோருக்குக் கொண்டுவருவது அது. உர மூட்டை சுமப்பதும் அதுவே. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுவே. 1990-களில் பதிவான ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் இன்னும் மண் சடக்குகளில் ஓடிக்கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம். அவை உறுதியான வண்டிகள். அதனால்தான் இத்தனை காலம் ஓடுகின்றன. பழைய வண்டி என்பதற்காக அதைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வயது குற்றமல்ல, கவனிப்பின்மையே குற்றம். கவனிக்க வேண்டிய கடமை யாருடையது என்பதே நமது கேள்வி.

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும் குணமுடையது. பழைய வண்டிகளில் ஊற்றும் டாட் 3 என்னும் ரகம், புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது அதற்குரிய விதி. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத ஈரம் சேர்ந்துவிட்டால், அதே விதி 140 டிகிரியைப் போதுமென்று ஏற்றுக்கொள்கிறது. மலைச்சரிவில், முழுச் சுமையோடு, பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது சக்கரத்தருகில் சூடு ஏறுகிறது. எண்ணெய் கொதித்துக் குமிழி விடுகிறது. மிதி பஞ்சுபோல் தரைவரை இறங்கிவிடுகிறது. "நேற்றுவரை நன்றாகத்தானே பிடித்தது!" என்று அப்போது சொல்லிப் பயனில்லை. சமநிலத்தில் பிடித்த பிரேக் சரிவில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான். நம் நாட்டின் ஈரக் காற்றில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்த எண்ணெயை மாற்றுவது நல்லது. ஆகும் செலவோ சொற்பம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழைய டீசல் பிக்கப் பலவற்றில், பிரேக் மிதியை இலகுவாக்கும் உறிஞ்சு விசையை உண்டாக்குவது ஆல்டர்னேட்டரின் முதுகில் பொருத்திய ஒரு சிறு பம்பு. அந்த ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும். "பேட்டரிதானே, ஸ்டோர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினால், இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக் மிதி கல்லாகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டுவதும் இதே அபாயத்தைத்தான் வரவழைக்கிறது. இறக்கத்தில் சிறிய கியரில் இறங்க வேண்டும். இஞ்சினே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும். பத்துக் காசு டீசலுக்குப் பத்து உயிரை ஈடு வைக்கலாமா?

பின்சக்கரங்களின் கதை தனி. பிக்கப் பலவற்றில், பின்புறச் சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. பின் அச்சோடு ஒரு கம்பியால் அது இணைக்கப்பட்டிருக்கும். சுமை ஏறி உடல் தாழ்ந்தால் விசை கூடும், உயர்ந்தால் குறையும். மண்ணும் துருவும் ஏறி இது இறுகிப்போவது ஒரு கோளாறு. அதைவிடப் பெரிய கோளாறு நாமே செய்வது: அதிகச் சுமை தாங்கட்டும் என்று பின்னால் கூடுதல் பட்டை ஸ்பிரிங் அடிக்கிறார்கள். வண்டி உயர்ந்து நிற்கிறது. சுமை ஏறிய பிறகும், வண்டி காலியாக இருக்கிறது என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக்குக்கு உரிய விசை போய்ச் சேருவதில்லை. ஸ்பிரிங் சேர்த்தவர் வால்வையும் சரிசெய்தாரா என்று யாராவது கேட்டதுண்டா?

அடுத்தது டயர். இதைப்பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பரோடு பிறந்து ரப்பரோடு வளர்ந்த கைகள் நம்முடையவை. வெயிலில் கிடந்த ரப்பர் ஷீட் எப்படி வெடித்துப் பிசுபிசுத்துப் போகும் என்று நமக்குத் தெரியும். டயரும் அப்படித்தான். பூ தேயாமலிருந்தாலும் வெயிலும் காற்றும் சூடும் அதை உள்ளுக்குள் அரிக்கின்றன. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது கிழவனாகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறந்த நாளைக் கண்டுபிடிப்பதும் எளிது. 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களின் பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்து வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பத்து வருஷம் தாண்டிய டயரை, பார்வைக்கு எப்படி இருந்தாலும், மாற்றிவிடும்படி டயர் கம்பெனிகளே சொல்லுகின்றன. பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சாலைக்கு ஆகாது. மழை பெய்த செம்மண் சரிவுக்கோ அதற்கு முன்பே ஆகாது. நாம் வெட்டிய பாலிலிருந்து உலகமெங்கும் நல்ல டயர்கள் ஓட, நம்மைச் சுமக்கும் வண்டிக்கு மட்டும் மொட்டை டயரா?

ஸ்டியரிங்கைச் சொல்லாமல் விட முடியாது. குண்டும் குழியுமான சடக்கில் வருஷக்கணக்காக அடிபட்ட வண்டியில் பந்து மூட்டுகளும் ஸ்டியரிங் இணைப்புக் கம்பிகளின் முனைகளும் தளர்ந்துவிடுகின்றன. வட்டைத் திருப்பினால் கொஞ்ச தூரம் வெறுமனே சுழன்று பிறகுதான் சக்கரம் திரும்பும். டிரைவர் இதற்குப் பழகிவிடுகிறார், பழகிவிட்டதே அபாயம். முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். மூட்டு கழன்றால் சக்கரம் மடிந்து விழும். அப்போது எப்பேர்ப்பட்ட கெட்டிக்கார டிரைவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

துருவும் தோட்ட வண்டிக்கென்றே பிறந்த சத்துரு. உரம் சிந்துகிறது; கட்டிப்பாலிலிருந்து புளித்த நீர் ஒழுகுகிறது. இரண்டும் இரும்பைத் தின்பவை. மேலே புதுச் சாயம் பூசியிருக்கும். அடியில் சட்டம் அரித்திருக்கும். பிரேக் எண்ணெய் ஓடும் மெல்லிய இரும்புக் குழாயும் அரித்திருக்கும். சுமை இறக்கிய பின் அடிப்பாகத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும், மாதம் ஒரு முறை விளக்குப் பிடித்துப் பார்ப்பதும் பெரிய வித்தையல்ல.

இனிச் சுமைக் கணக்கு. சாதாரண பிக்கப் ஏறக்குறைய ஒரு டன் சுமக்கும். 200 லிட்டர் தோம்பு நான்கில் பால் நிரப்பினால் அதுவே 780 கிலோவை நெருங்கும். வெறும் தோம்புகளின் கனம் ஏறக்குறைய 70 கிலோ. இவற்றின் இடுக்கில் 60 கிலோ வீதம் ஆறு பேர் உட்கார்ந்தால் இன்னும் 360 கிலோ. ஆகமொத்தம் 1,200 கிலோவுக்கு மேல்! அரைகுறையாக நிரம்பிய தோம்பு இன்னும் மோசம். வளைவில் பால் ஒரு பக்கம் அலைமோதி வண்டியையே இழுக்கும். அந்த ஆறு பேருக்கும் இருக்கை கிடையாது, பெல்ட் கிடையாது, கவிழ்ந்தால் முதலில் வெளியே எறியப்படுபவர்களும், தோம்புக்கு அடியில் சிக்குபவர்களும் அவர்களே. ஆளையும் பாலையும் ஒரே நடையில் ஏற்றாதீர்கள் என்று சொன்னால், "இன்னொரு நடைக்கு டீசல் யார் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். நாம் கேட்கிறோம்: இன்னொரு உயிரை யார் கொடுப்பது?

ரப்பர் விலை சரியில்லை, பழுது பார்க்கப் பணமில்லை என்று நிர்வாகத் தரப்பில் சொல்வதுண்டு. விலை ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால், மேலே சொன்னவற்றில் எது புது வண்டி வாங்கும் செலவு? பிரேக் எண்ணெய், ஒரு பெல்ட், ஒரு மூட்டு, கழுவத் தண்ணீர். டயர் ஒன்றுதான் கொஞ்சம் பெரிய செலவு. வண்டி ஒரு நாள் நின்றால் நட்டம் என்பவர்கள், ஒருமுறை கவிழ்ந்தால் எத்தனை நாள் நிற்கும் என்றும் கணக்குப் போடட்டும்.

சட்டமும் ஊமையாக இல்லை. 1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வேலைக்குத் தரும் யந்திர சாதனங்களைப் பத்திரமான நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, அந்தக் கடமையில் தவறியவருக்கு 500,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். "வண்டி காண்டிராக்டருடையது, எங்களுடையதல்ல" என்று கைகழுவவும் அந்தத் திருத்தம் இடந்தரவில்லை. காண்டிராக்ட் கொடுப்பவருக்கும் அது கடமை விதித்திருக்கிறது. புதிய 26ஏ பிரிவோ, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிறது. புகார் செய்தவரைப் பழிவாங்குவதை 27-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் ஒன்று: வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும், காகிதத்தில் எழுதிய புகார்தான் சாட்சி சொல்லும்.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். காலையில் புறப்படுமுன் டயர், விளக்கு, பிரேக் மிதி, எண்ணெய் மட்டம், பெல்ட் ஆகியவற்றைப் பார்க்கப் பத்து நிமிஷம் ஒதுக்கும்படி கேளுங்கள். அந்தப் பத்து நிமிஷமும் வேலை நேரமே. கண்ட கோளாற்றைத் தேதியிட்டு எழுதி, மண்டோரிடமோ கிராணியிடமோ கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட மறுத்தால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளருக்கு அனுப்புங்கள். நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவின் கூட்டத்தில் இந்த நோட்டுப் புத்தகம் மேசைமேல் இருக்கட்டும். சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கு மொழி தெரியாவிட்டாலும் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுங்கள். ஒரே வண்டியில்தான் அவர்களும் ஏறுகிறார்கள். விபத்து நேர்ந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு முதலாளி அறிவிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். வேலைக்குப் போகும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் வேலை விபத்துத் திட்டம் உண்டு.

டிரைவர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டுப்போன வண்டியைச் சாமர்த்தியமாக ஓட்டிக் காட்டுவது வீரமல்ல. "இது ஓடாது" என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அப்படி எழுதிய டிரைவர் தனியாக நிற்கும்படி விட்டுவிடாமல், பின்னால் ஏற வேண்டிய அத்தனை பேரும் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றால், "ஓட்டியவன் யார்?" என்று கேட்கும் முன், "வண்டியைக் கவனிக்காமல் விட்டவர் யார்?" என்று கேட்கும் காலம் தானாக வரும்.