விளக்கை அணைத்தால் போதுமா?

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில், ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளியைக் கடந்த பின் வருவது நாகலாபுரம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி இது. தமிழ்நாட்டிலிருந்து இங்குக் குடிவரும் குடும்பங்கள் விரைவில் உணரும் மாற்றங்களுள் ஒன்று மின்கட்டணம். ஊத்துக்கோட்டையில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீட்டரைக் கணக்கெடுப்பர். அங்கு வீடுகளுக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம். நாகலாபுரத்திலோ மாதந்தோறும் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம் உண்டு.

கட்டணம் உயர்ந்ததும் வீட்டில் எழும் முதற்குரல், "விளக்கை அணை" என்பதாகும். இரவில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மீதே அக்குரல் பெரும்பாலும் பாய்கிறது. இது நியாயமன்று; கணக்கின்படியும் சரியன்று.

ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். படிப்பறையில் உள்ள 9 வாட் எல்இடி விளக்கு நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும், ஒரு மாதத்திற்கு ஒன்றரை யூனிட்டைக்கூட எட்டுவதில்லை. வாளி நீரில் அமிழ்த்தும் 1500 வாட் ஹீட்டர் கம்பியை நாள்தோறும் அரைமணி நேரம் பயன்படுத்தினால் மாதத்திற்கு இருபத்திரண்டரை யூனிட் செலவாகும். அதாவது, ஒரு ஹீட்டர் கம்பி உண்ணும் மின்சாரத்தைக் கொண்டு பதினாறு பிள்ளைகள் விளக்கேற்றிப் படிக்கலாம்! பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் சுழன்றால் மாதம் முப்பத்து மூன்று யூனிட்டுக்கு மேல் ஆகும். பிஎல்டிசி மின்விசிறி அதே வேலையை 30 வாட் அளவில் செய்துவிடுகிறது. ஆகவே, ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பது நல்ல பழக்கமே எனினும், அதனால் மட்டும் கட்டணம் குறைந்துவிடும் என்று நம்புவது ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு ஈரத்துணியைப் பிழிவது போன்றது.

ஆந்திரத்தில் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியல் இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குகிறது. அதன்படி முதல் 30 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 1 ரூபாய் 90 காசு. 31 முதல் 75 வரை 3 ரூபாய். 76 முதல் 125 வரை நாலரை ரூபாய். 126 முதல் 225 வரை 6 ரூபாய். மாதம் 150 யூனிட் பயன்படுத்தும் வீடு, பிற கட்டணங்கள் நீங்கலாக, 567 ரூபாய் செலுத்த வேண்டும். அவ்வீட்டார் 25 யூனிட்டைக் குறைத்தால் கட்டணம் 417 ரூபாயாகிறது. குறைந்தது ஆறில் ஒரு பங்கு மின்சாரம். மிஞ்சியதோ நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பணம். சேமிக்கப்படும் யூனிட்டுகள் எப்போதும் விலை மிகுந்த மேற்படியிலிருந்தே கழிகின்றன என்பதே இதற்குக் காரணம். இத்துடன், எரிபொருள் மற்றும் மின்கொள்முதல் விலைச் சரிக்கட்டல் என்றொரு வரியும் பட்டியலில் இடம்பெறுகிறது. நிலக்கரியின் விலையும் வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலையும் ஏறும்போது, பயன்பாடு கூடாத வீட்டிலும் கட்டணம் கூடிவிடும். அந்த உயர்வுக்காக ஒருவரையொருவர் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

நாகலாபுரத்தின் வேதநாராயணர் கோயில் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் இவ்வூரை அமைத்தார் என்பர். மேற்கு நோக்கிய அக்கோயிலில், மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் மூன்று நாள்கள் மாலைக் கதிர் கருவறைக்குள் நுழைகிறது. முதல் நாள் இறைவனின் திருவடியிலும், அடுத்த நாள் உந்தியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் அவ்வொளி விழும். மக்கள் திரண்டு சென்று அதைக் காண்கின்றனர். கதிரவன் எந்நாளில் எத்திசையில் இறங்குவான் என்பதைத் துல்லியமாக அறிந்த சிற்பிகள் கட்டிய கோயில் அது.

அக்கோயிலைச் சுற்றி இன்று எழும் காங்கிரீட் வீடுகளைக் கட்டியவர்களோ கதிரவனைக் கேட்டதாகத் தெரியவில்லை. கோயில் விரும்பி அழைக்கும் மாலை வெயில், இவ்வீடுகளின் மேற்குச் சுவரையும் மொட்டைமாடியையும் சுட்டுவிட்டு, இரவெல்லாம் அறைக்குள் அனலாக இறங்குகிறது. பிறகு அந்த அனலைச் சுழற்றிவிடுவதற்காக மின்விசிறி ஓடுகிறது. மாடியில் வெண்சுண்ணாம்பு அடிப்பதும், மேற்குப் புறத்தில் ஒரு வேம்பை வளர்ப்பதும், மாலையில் காற்று திரும்பியதும் சன்னல்களைத் திறந்துவிடுவதும் பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல, பாட்டிமார் அறிந்தவையே.

சமையலறைக் கணக்கு இன்னும் கடினமானது. 14.2 கிலோ எரிவாயு உருளை 2020 நவம்பரில் தில்லியில் 594 ரூபாய்க்கு விற்றது. 2023 மார்ச்சில் 1,103 ரூபாயாயிற்று. பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டது. நாட்டின் தேவையில் பாதிக்கும் மேற்பட்ட சமையல் எரிவாயு வெளிநாடுகளிலிருந்து வருவதால், உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் அடுப்படி வரை வந்துவிடுகிறது. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல், கொதி வந்ததும் தணலைக் குறைத்தல் ஆகியன உண்மையாகவே பயன் தருவன. கொதிக்கும் நீர், தீயைக் கூட்டுவதால் மேலும் சூடாவதில்லை, ஆவிதான் மிகும். ஆனால், விலை தாளாமல் விறகடுப்பிற்குத் திரும்புவதைச் சிக்கனம் என்று புகழ்வது தவறு. அங்கே மிச்சமாகும் பணத்திற்கு ஈடாகத் தாயின் கண்ணும் மூச்சும் செலவாகின்றன. சுள்ளி பொறுக்கச் செல்லும் மகளின் மாலைப்பொழுதும் எவ்விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

குடிபெயர்ந்தோருக்கு உதவக்கூடிய வழிகள் சில உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், பிழைப்பிற்காக இடம்பெயர்ந்த குடும்பத்தினர் குடும்ப அட்டையோ முகவரிச் சான்றோ இன்றி, தம் உறுதிமொழியை அளித்தே இணைப்புப் பெறலாம் என்று வகைசெய்யப்பட்டது. இது வேண்டியவரைச் சென்றடைய வேண்டுமானால், எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஆந்திர அரசு 2024 தீபாவளி முதல் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு மூன்று உருளைகளை இலவசமாக வழங்குகிறது. ஆனால் அதற்கு அம்மாநிலத்தின் குடும்ப அட்டை தேவை. எல்லையின் இப்புறம் வாழ்ந்தும் அப்புறத்து அட்டையையே வைத்திருப்பவர் இரண்டு புறச் சலுகைகளுக்கும் நடுவே நின்றுவிடுகிறார்.

வாடகை வீட்டில் இருப்போரின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட சூரிய வீடு திட்டத்தில், மூன்று கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு மைய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. கூரையே இல்லாதவர் தகட்டை எங்கே பதிப்பார்? பல வளாகங்களில் நான்கைந்து குடும்பங்களுக்கு ஒரே மின்இணைப்புத்தான். அனைவரின் யூனிட்டுகளும் ஒன்றாகக் கூடி மேற்படிக்குச் சென்றுவிடுகின்றன. உரிமையாளரோ துணைமீட்டரைப் பார்த்து எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலையை வாங்குகிறார். மாதம் 60 யூனிட் மட்டும் பயன்படுத்தும் எளிய குடும்பத்திற்கு 1 ரூபாய் 90 காசும் 3 ரூபாயும் கண்ணில் படுவதே இல்லை. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், அச்சிக்கனத்தின் பயனில் ஒரு பகுதி பிறர் கைக்குப் போகிறது.

ஒவ்வொரு குடியிருப்பிற்கும் தனி இணைப்பு என்பதே முறை. அது கிடைக்கும் வரையில், மூலப் பட்டியலைக் காட்டுமாறு வாடகையாளர் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. மொத்தத் தொகையைப் பயன்பாட்டின்படி பகிர்ந்து கணக்கிடும் வேலையை, ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் செய்து தந்துவிடுவார்.