ஏல, இங்க போலீஸே கிடையாதா?

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், போதாததுக்கு ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க. இன்னிக்கு உக்காந்து எழுதறதுக்கும் அம்மாதான் காரணம்.

அம்மாவுக்குக் காலையில நடந்தே ஆகணும். பாளையங்கோட்டையில முப்பது வருஷப் பழக்கம், சான் ஹோசே வந்ததுக்காக அது மாறுமா? எங்க அபார்ட்மெண்டுக்கு எதிர்த்தாப்புல பூங்கா இருக்கு, நடுவுல ஆறு லேன் ரோடு. பட்டனை அமுக்கினா கொஞ்ச நேரத்துல வெள்ளை மனுஷன் பொம்மை வரும், அப்புறம் கடக்கலாம். போன மாசம் ஒரு நாள் பொம்மை வந்த பிறகுதான் அம்மா இறங்கியிருக்காங்க. சிவப்புல நின்னு வலப்பக்கம் திரும்பப் பார்த்த ஒரு வண்டிக்காரர், இடப்பக்கத்துலேர்ந்து வண்டி வருதான்னு மட்டும் பார்த்துக்கிட்டே சர்ருன்னு எடுத்துட்டார். அம்மா பயந்து ஓடல. வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில பஸ்ஸை நிறுத்துற மாதிரி ஒரு கையைத் தூக்கி, இன்னொரு கையால பானெட்ல 'டப்'புன்னு ஒரு அடி. வண்டி முட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்னிருக்கு. பாவம், அந்த ஆளுக்குத்தான் முகமெல்லாம் வெளிறிப்போச்சாம்.

வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சதும் அம்மா கேட்ட முதல் கேள்விதான் தலைப்பு. "ஏல, இங்க போலீஸே கிடையாதா? வந்து ரெண்டு மாசமாச்சு, ஒரு மூலையில கூட ஒரு டிராபிக் போலீஸைக் காணோமே?"

சிரிச்சுட்டு விட்டுட்டேன். ராத்திரி தூக்கம் வரல.

நிற்க. அடுத்த வாரமே எங்க பகுதி கவுன்சிலர் நூலகத்துல ஒரு கூட்டம் போட்டிருந்தார். தலைப்பு: போலீஸ் ஆள் பற்றாக்குறையும் தெருப் பாதுகாப்பும். அமெரிக்கா வந்து பதினெட்டு வருஷத்துல இந்த மாதிரி கூட்டத்துக்கு நான் போனதே இல்லை. தமிழ்ச்சங்கப் பொங்கலுக்கு சாம்பார் வாளி தூக்கியதோட சரி நம்ம பொதுத்தொண்டு :-)

கூட்டத்துல நாப்பது பேர் இருந்தாங்க. மைக் பிடிச்ச எல்லாருமே ஏறக்குறைய அம்மா கேட்டதையேதான் வேற வேற உச்சரிப்புல கேட்டாங்க. போலீஸ் எங்கே? இன்னும் நூறு பேரை எடுங்க. எங்க தெருவுல ஒரு கார் நிறுத்துங்க. எனக்கும் கைதட்டத் தோணுச்சு, தட்டவும் செஞ்சேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தப்புறம்தான் கொஞ்சம் யோசனை வந்தது.

முதல்ல நம்மூர் ஆளுங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். இங்க போலீஸ் நகராட்சியோட சொந்த ஆள். போலீஸ் தலைவரை நியமிக்கிறவர் நகர மேலாளர், ஒப்புதல் கொடுக்கறது மேயரும் பத்து கவுன்சிலர்களும் இருக்கிற மன்றம். எத்தனை பேர், என்ன சம்பளம் எல்லாம் இவங்க பட்ஜெட்லதான் முடிவாகுது. திருநெல்வேலி மேயர் தலைகீழா நின்னாலும் ஒரு டிராபிக் கான்ஸ்டபிளை வண்ணாரப்பேட்டையிலேர்ந்து ஜங்ஷனுக்கு மாத்த முடியாது. போலீஸ் மாநில அரசோட சமாச்சாரம். 1992ல வந்த 74வது திருத்தம் உள்ளாட்சிக்குன்னு 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. ரோடு, பாலம், தெருவிளக்கு, பஸ் ஸ்டாப்னு எல்லாம் அதுல உண்டு, போலீஸ் மட்டும் கிடையாது. அதனால நம்மூர்ல மாநகராட்சியைத் திட்டினா போலீஸைக் கை காட்டுவாங்க, போலீஸைத் திட்டினா நெடுஞ்சாலைத் துறையைக் கை காட்டுவாங்க. இங்க அந்த வசதி கம்மி. (கம்மிதான், இல்லைன்னு சொல்லல. எக்ஸ்பிரஸ்வேன்னு பேர் வெச்ச ரோடெல்லாம் கவுண்டிக்குச் சொந்தம். சிட்டியைக் கேட்டா கவுண்டியைக் கேளும்பாங்க.)

அப்படி எல்லா அதிகாரமும் கையில இருந்தும் ஏன் ஆள் இல்லை? இங்கதான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2008 வாக்குல சான் ஹோசேவில் சுமார் 1400 போலீஸ் அதிகாரிகள் இருந்தாங்க. பத்து லட்சம் பேர் இருக்கிற ஊருக்கு அதுவே கம்மிதான். அப்புறம் பொருளாதாரம் படுத்தது. இன்னொரு பக்கம் பென்ஷன் செலவு பத்து வருஷத்துல மூணு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. 2011ல 66 போலீஸ்காரங்களை வேலையை விட்டே அனுப்பினாங்க. 2012 ஜூன்ல பென்ஷனைக் குறைக்க 'மெஷர் பி'ன்னு ஒரு வாக்கெடுப்பு, கிட்டத்தட்ட பத்துல ஏழு பேர் ஆமாம்னு குத்தினாங்க. பாதிச் சட்டம் கோர்ட்ல மாட்டிக்கிச்சு. போலீஸ்காரங்க அதுக்குள்ள பக்கத்து ஊர்களுக்கு நடையைக் கட்டிட்டாங்க. கூடுதல் சம்பளம், நிம்மதியான பென்ஷன், இருபது நிமிஷம் தள்ளி வேலை. யார்தான் போகமாட்டாங்க? நாம பொட்டி தட்டுறவங்க போகாத மாதிரியா?

2016ல எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழ போய், போலீஸ் பற்றாக்குறைக்காக நகர மன்றமே அவசரநிலை அறிவிச்சது. துப்பறியும் பிரிவு ஆட்களைக் கூட ரோந்துக் கார்ல ஏத்தினாங்க. அந்த வருஷ நவம்பர்ல 'மெஷர் எஃப்'னு இன்னொரு வாக்கெடுப்பு வெச்சு பழசை மாத்தினாங்க. ஆனா போனவங்க போனவங்கதான்.

2012ல எனக்கு இங்க ஓட்டு கிடையாது, பச்சை அட்டைக்கு வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். இருந்திருந்தா நானும் அந்த பத்துல ஏழு பேர்ல ஒருத்தனாத்தான் இருந்திருப்பேன். நூலகமும் பூங்காவும் மூடுறாங்க, இவங்களுக்கு மட்டும் இவ்வளவு பென்ஷனான்னு ஆபீஸ் கேண்டீன்ல நான் பேசினது நல்லா ஞாபகம் இருக்கு. நூலகம் முக்கியம்தான். ஆனா ஒரு போலீஸ்காரரை அனுப்ப ஒரு கடிதம் போதும். புதுசா ஒருத்தரைக் கொண்டு வர ஆள் தேடி, பின்னணி விசாரிச்சு, அகாடமியில ஆறு மாசம் போட்டு, சீனியர் பக்கத்துல உக்கார வெச்சுப் பழக்கி, தனியா வண்டி கொடுக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதுக்கப்புறம் அவர் பக்கத்து ஊருக்குப் போய்டாம இருக்கணும்.

ஆள் குறைஞ்சா முதல்ல எங்க வெட்டுவாங்க? துப்பாக்கிச் சத்தம் கேட்டுதுன்னு போன் வந்தா போகாம இருக்க முடியாது. சிவப்புல போறவனைப் பிடிக்கலைன்னா யாரும் அன்னிக்கே கேள்வி கேட்கமாட்டாங்க. அதனால டிராபிக் பிரிவுதான் முதல் பலி. இதே ஊர்தான் 2015ல 'விஷன் ஜீரோ'ன்னு அறிவிச்சது, அதாவது ரோட்டுல ஒரு சாவு கூட கூடாதுங்கற கொள்கை. 1997ல ஸ்வீடன் நாடாளுமன்றத்துல பிறந்தது. நல்ல கொள்கை. ஆனா அதுக்கப்புறமும் வருஷத்துக்கு ஐம்பது பேர் வாக்குல இந்த ஊர் ரோட்டுல செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, சில வருஷம் அறுபதைத் தொட்டிருக்கு. மான்டரே ரோடு, செண்டர் ரோடு, டல்லி, ஸ்டோரி, மெக்கீன்னு திரும்பத் திரும்ப அதே பேர்கள். பல இடத்துல ரெண்டு பக்கமும் வியட்நாமியரும் மெக்சிகோக்காரங்களும் குடியிருக்கிற, பஸ்ஸுக்காக நடந்து போறவங்க அதிகமா இருக்கிற அகல ரோடுங்க. நம்ம ஆளுங்க இருக்கிற பக்கம் கொஞ்சம் கம்மி. அதனாலதான் நமக்கு உறைக்கல. எங்கம்மா முட்டிக்கு வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சது, அதையும் ஒத்துக்கறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு இடத்துல ஒருத்தர் 24 மணி நேரமும் நிக்கணும்னா வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் பார்க்கறது 40 மணி. லீவு, பயிற்சி, கோர்ட்டுக்குப் போறது எல்லாம் சேர்த்தா ஒரு இடத்துக்கு அஞ்சு பேர் வேணும். கூட்டத்துல கேட்ட நூறு பேரும் நாளைக்கே வந்து, எல்லாரையும் டிராபிக்குக்கே கொடுத்தாலும் எந்த நேரத்துலயும் ரோட்டுல இருக்கப் போறது இருபது பேர். இந்த ஊர் ரோடுகளோட நீளம் சுமார் 2500 மைல். ஆளுக்கு 125 மைல், கிட்டத்தட்ட திருநெல்வேலியிலேர்ந்து திண்டுக்கல் தூரம். அந்த 125 மைல்ல அன்னிக்கு எங்க பூங்கா முக்குல, அந்த நொடியில, அவர் நிப்பாரா?

அதனால போலீஸே வேணாம்னு சொல்ல வரல. குடிச்சுட்டு ஓட்டறவனைப் பிடிக்க மனுஷன்தான் வேணும். நடுராத்திரி ரோட்டை மறிச்சு வண்டியை வட்டம் சுத்தற பசங்களைக் கலைக்கவும் மனுஷன்தான். என் ஆதங்கம் வேற. கூட்டத்துல ரெண்டு மணி நேரம் போலீஸ் பத்திப் பேசினோம், அந்த முக்கைப் பத்தி அஞ்சு நிமிஷம் கூட பேசல.

அந்த முக்கு எப்படி இருக்கு தெரியுமா? நடைபாதை வளைவு நெடுஞ்சாலை மாதிரி அகலமா வழிச்சு விட்டிருக்கும், வேகத்தைக் குறைக்காமலே திரும்பலாம். சிவப்புலயே வலப்பக்கம் திரும்பலாம்ங்கற சலுகை 1970கள்ல பெட்ரோல் மிச்சம் பிடிக்கறதுக்காக நாடு முழுக்கப் பரவினது. பெட்ரோல் தட்டுப்பாடு போய் நாப்பது வருஷத்துக்கு மேலாச்சு, சலுகை மட்டும் நிக்குது. ஒரு 'சிவப்பில் திரும்பாதே' பலகையும், முனையில நாலு பிளாஸ்டிக் கம்பமும், வண்டிக்கு முன்னாடி நடக்கறவங்களுக்கு அஞ்சு நொடி முன்கூட்டியே பொம்மை காட்டற சிக்னல் மாற்றமும் போதும். இதுக்கெல்லாம் அகாடமி தேவையில்லை, பென்ஷனும் கிடையாது. நியூஜெர்சியில ஹோபோக்கன்னு ஒரு குட்டி ஊர், அறுபதாயிரம் பேர் இருப்பாங்க. முக்குல பார்க்கிங்கை எடுத்து, கம்பம் நட்டு, சிக்னலை மாத்தி, 2017 ஜனவரிக்கு அப்புறம் ஏழு வருஷத்துக்கும் மேல ரோட்டுல ஒரு சாவு இல்லாம இருந்தாங்க. ஒரு சதுர மைல் ஊரையும் சான் ஹோசேவையும் ஒப்பிடலாமான்னு கேட்பீங்க. ஊரை ஒப்பிட முடியாது, முக்கை ஒப்பிடலாம்.

கலிபோர்னியாவும் இப்ப அந்தப் பக்கம் வந்திருக்கு. கிராஸிங்குக்கு 20 அடிக்குள்ள வண்டி நிறுத்தக்கூடாதுன்னு 2023ல சட்டம் போட்டு, 2025லேர்ந்து அபராதம். எங்க தெருவுல ரெண்டு பார்க்கிங் போச்சு. அதுல ஒண்ணு என்னோடது. முதல் வாரம் நானும் வயித்தெரிச்சல் பட்டேன்.

அதே 2023ல வேகக் கேமராவுக்கும் ஆறு ஊர்ல அனுமதி, அதுல சான் ஹோசேவும் ஒண்ணு, 33 கேமரா வரைக்கும் வைக்கலாம். 11 மைல் கூடப் போனாத்தான் அபராதம், ஆரம்பம் 50 டாலர், வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்குத் தள்ளுபடி. பின்னாடி நம்பர் பிளேட்டை மட்டும்தான் படம் பிடிக்கும். உளவு பார்க்குதும்பாங்க சிலர். என்னைக் கேட்டா ராத்திரி சைரன் போட்டு ஓரம் கட்டி, டார்ச் அடிச்சு, கை ரெண்டையும் ஸ்டியரிங்ல வெச்சுக்கிட்டு என் நிறத்துக்கு இப்ப என்ன நடக்குமோன்னு பயந்து உக்காந்திருக்கறதுக்கு, தபால்ல 50 டாலர் பில் வர்றது எவ்வளவோ மேல்.

இப்ப எனக்கே ஒரு உள்குத்து. அந்த ஆறு லேன் ரோட்டுல போர்டு 40 மைல்னு சொல்லும். நான் தினம் போறது 48. இந்த மாநிலத்துல வேக வரம்பை எப்படி வெக்கறாங்கன்னு இந்த வாரம்தான் படிச்சேன். ரோட்டுல போற வண்டிகளோட வேகத்தை அளப்பாங்க. நூறு வண்டியை வேக வரிசையில நிறுத்தினா 85வது வண்டி என்ன வேகமோ, அதை ஒட்டித்தான் வரம்பு. எல்லாரும் வேகமாப் போனா அடுத்த அளவைக்கு அப்புறம் வரம்பு ஏறும்! 2021ல வந்த சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கு, ஆனா முழுசாப் போகல. அதாவது எங்கம்மா கடக்கற ரோட்டுக்கு வேகத்தை நிர்ணயிக்கிற கமிட்டியில நானும் தினம் ரெண்டு தடவை ஓட்டுப் போட்டுக்கிட்டிருந்திருக்கேன். 23 மைல் வேகத்துல ஒரு வண்டி இடிச்சா பத்துல ஒருத்தர் சாவாங்க, 42ல பாதிப் பேர், 58ல பத்துக்கு ஒம்பது பேர். அம்மா வயசுக்கு இதை விட மோசம்.

இந்த வாரம் முழுக்க 40லயே போறேன். பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிக்கறாங்க. ஒருத்தர் தாண்டிப் போறப்ப விரலைக் காட்டிட்டுப் போனார். ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப பையன் கேட்கறான், "அப்பா, கார் ரிப்பேரா?"

ஜூன்ல நகர மன்றத்துல பட்ஜெட் வருது, பொதுமக்களும் பேசலாம். ஆளுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் கொடுப்பாங்க. போலீஸ் எடுங்க, ஆனா அந்தத் தொகையில ஒரு சின்னப் பங்கை முதல்ல அந்த அஞ்சாறு ரோட்டு முக்குகளுக்குக் கொடுங்கன்னு கேட்கப் போறேன். எழுதி தங்கமணிகிட்ட காட்டினேன். "பதிவு மாதிரியே வளவளன்னு இருக்கு, பாதியா வெட்டுங்க"ன்னுட்டாங்க. அம்மாவும் வரேன்னு சொல்லியிருக்காங்க. இங்கிலீஷ் தெரியாதேம்மான்னேன். "நீ பேசு, நான் பின்னாடி கையைத் தூக்கிட்டு நிக்கேன்"னாங்க.

டிஸ்கி: போலீஸ் வேலையில இருக்கிற சொந்தக்காரங்க உள்ள நண்பர்கள் திட்டணும்னா கணக்கோட திட்டுங்க. அஞ்சு பேர் கணக்கு தப்புன்னா சொல்லுங்க, திருத்திக்கறேன்.